தீப்பிடித்தால் இறங்குவதா, உள்ளேயே இருப்பதா? அடுக்குமாடி நிர்வாகம் முன்கூட்டியே எடுக்க வேண்டிய முடிவு

இரவு இரண்டு மணி. ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் ஒருவர் கீழே இருக்கும் காவலாளிக்குப் போன் செய்கிறார். "ஏழாவது மாடியில புகை வருதுங்க. நாங்க இறங்கி வந்துடட்டுமா, இல்ல கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருக்கட்டுமா?"

காவலாளி என்ன பதில் சொல்ல வேண்டும்? அந்த நிமிடத்தில் அவரே யோசித்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடக் கூடாது. பல மாதங்களுக்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், கட்டடத்தை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்து நிர்வாகம் எடுத்திருக்க வேண்டிய முடிவு அது. தீயணைப்பான்களின் தேதி முடிந்துவிட்டதா என்று பார்க்கிறோம். குழாயில் தண்ணீர் அழுத்தம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். தீப்பிடித்தால் குடியிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் மட்டும் நிர்வாகக் குழுவில் ஆளுக்கொரு பதில் வரும். நானும் சில ஆண்டுகள் அப்படி ஒரு குழுவில் இருந்தேன். ஐந்து பேரிடமும் ஐந்து பதில் இருந்தது. அது தெரியவந்த நாளில் வந்த பயம் இன்னும் போகவில்லை.

நிர்வாகத்தின் முன் உள்ள வழிகள் மூன்று. முதலாவது, தீப்பிடித்த வீட்டில் இருப்பவர்கள் மட்டும் வெளியேறுவது. மற்றவர்கள் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பது. இரண்டாவது, அலாரம் அடித்ததும் மொத்தக் கட்டடமும் ஒரே நேரத்தில் இறங்குவது. மூன்றாவது, தீப்பிடித்த மாடியும் அதற்கு மேல் மாடியும் முதலில், மற்றவர்கள் அடுத்தடுத்து என்று மாடி வாரியாக இறங்குவது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தினசரிப் பராமரிப்பில் ஒரு வேலைச் சுமையையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வேலையைச் செய்ய முடியாத கட்டடத்தில் அந்த வழியை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பது ஆபத்து.

புகைக்கு எவ்வளவு நேரம் தேவை

மூன்றையும் ஒப்பிடும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய வீட்டுத் தீ, நம் பெற்றோர் காலத்து வீட்டுத் தீ மாதிரி இல்லை. பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு அறைகளை அமைத்துத் தீ வைத்துப் பார்த்தார்கள். மரம், பருத்தி போன்ற பழைய காலப் பொருட்கள் நிறைந்த அறை முழுவதும் பற்றிக்கொள்ளச் சுமார் அரை மணி நேரம் பிடித்தது. ஃபோம் மெத்தை வைத்த சோபா, செயற்கை இழைத் திரை, பிளாஸ்டிக் சாமான் என்று இன்று எல்லா வீட்டிலும் இருப்பவற்றை நிரப்பிய அறை ஐந்து நிமிடத்துக்குள் முழுவதும் எரிந்தது. ஃபோமும் பிளாஸ்டிக்கும் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வாயுவும் வருகிறது. வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பலர் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகையில் மயங்கிவிடுகிறார்கள்.

ஆகவே நேரத்தை யார் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அலாரம் சில நிமிடம் முன்னதாகச் சொல்கிறது. கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர் தீயைச் சின்னதாகவே அடக்கி வைக்கிறது. மூடிய கதவு, தீயையும் புகையையும் அது கிளம்பிய இடத்திலேயே நிறுத்துகிறது. இந்த மூன்றில் மிக எளியது கதவுதான். மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம், மூடியிருந்தால் போதும். அதனால்தானோ என்னவோ, நிர்வாகம் அதிகம் கவனிக்காமல் விடுவதும் அதையேதான்.

உள்ளேயே இருப்பது

இது கேட்டவுடன் பலருக்குக் கோபம் வரும். பக்கத்து வீடு எரியும்போது உள்ளே உட்கார்ந்திருக்கச் சொல்கிறீர்களா என்பார்கள். ஆனால் இதற்குப் பின்னால் உறுதியான காரணம் உண்டு. கான்கிரீட் தளமும் சுவரும் உள்ள அடுக்குமாடியில் ஒவ்வொரு வீடும் தனிப் பெட்டி மாதிரி கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு பெட்டியில் பிடித்த தீ அரை மணியோ ஒரு மணியோ அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குள் தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்துவிடுவார்கள். மேல் மாடிக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு வந்தால், பாதுகாப்பான பெட்டியை விட்டுப் புகை நிறைந்த இடத்துக்குள் அவர்களே வந்து விழுவார்கள். மேலே ஏறும் வீரர்களின் வழியையும் அடைப்பார்கள். அன்றாடம் நடக்கும் சின்னச் சின்ன வீட்டுத் தீக்களில் இந்த முறை சரியாகவே வேலை செய்கிறது. பெரும்பாலும் மேல் மாடிக்காரர்களுக்குக் காலையில்தான் விஷயமே தெரியும்.

சரி, பெட்டி உடைந்தால் என்ன ஆகும்? லண்டனின் கிரென்ஃபெல் டவரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஜூன் 14 அன்று, 24 மாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில் ஒரு சமையலறையில், ஃப்ரிட்ஜில் தீப்பிடித்தது. முதல் அழைப்பு நள்ளிரவு 12:54-க்கு. முந்தைய வருடம், 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிச்சுவரைச் சுற்றி அலுமினியப் பலகைகளைப் பொருத்தியிருந்தார்கள். அந்தப் பலகைகளின் நடுவில் இருந்தது பாலிஎத்திலீன் என்ற எளிதில் எரியும் பிளாஸ்டிக். சமையலறைத் தீ ஜன்னல் பக்கமாக வெளியே வந்து அதைப் பிடித்துக்கொண்டு, சுமார் 1:30 மணிக்கெல்லாம் உச்சியை எட்டிவிட்டது. உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரை 2:47 வரை மாறவில்லை. இறந்தவர்கள் 72 பேர். 1:30-க்கும் 1:50-க்கும் இடையில் எல்லோரையும் வெளியேறச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2019-இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் இதுதான். முடிவை மாற்ற வேண்டும் என்று யாராவது 1:30-க்கே நினைத்திருந்தாலும், அதை எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சொல்ல அந்தக் கட்டடத்தில் வழி இல்லை. பொது அலாரம் கிடையாது. இருந்தது ஒரே படிக்கட்டு. பல வீடுகளின் வாசல் கதவுகள் தீயையும் புகையையும் தாங்கும் நிலையில் இல்லை. உள்ளே இருங்கள் என்று சொல்வதற்கு அடிப்படையான ஒவ்வொன்றும் ஏற்கெனவே போயிருந்தது, அறிவுரை மட்டும் மிச்சமிருந்தது.

அதே நகரத்தில் எட்டு வருடம் முன்பே ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது. 2009 ஜூலை 3 அன்று லகானல் ஹவுஸ் என்ற 14 மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் தீப்பிடித்தது. உயிர் போனதோ பதினோராவது மாடியில், மூன்று பெண்களும் மூன்று குழந்தைகளும். அவர்களுக்கும் உள்ளேயே இருக்கச் சொல்லித்தான் அறிவுரை. முந்தைய புதுப்பிப்பு வேலைகளில் தீத்தடுப்பு அடைப்புகள் கெட்டுப்போயிருந்தன.

ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம் என்ன வேலையை ஏற்றுக்கொள்கிறது? ஒவ்வொரு வீட்டின் வாசல் கதவும் தானாக மூடிக்கொள்ள வேண்டும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். சூடேறினால் உப்பி அந்த இடைவெளியை அடைக்கும் பட்டை கதவோரத்தில் இருக்க வேண்டும். குழாய், கேபிள் போகும் துவாரங்கள் மாடிக்கு மாடி தீ தாங்கும் பொருளால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிச்சுவரில் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. வீடுகளுக்கு உள்ளே புகை அலாரம் இருக்க வேண்டும்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் நாங்கள் நடந்து பார்த்தபோது, ஒரே மாடியில் மூன்று வீட்டில் கதவை மூடும் குளோசரைக் கழற்றி வைத்திருந்தார்கள். சத்தம் வருகிறது என்றார் ஒருவர். கையில் சாமானோடு வரும்போது கதவு இடிக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான குறை. குளோசரைச் சரிசெய்து மெதுவாக மூட வைத்திருந்தால் தீர்ந்திருக்கும். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் யாரையும் கேட்கவில்லை. இணைய கேபிள் இழுக்க வந்த ஒரு நிறுவனம் எல்லா மாடியிலும் கைவிரல் நுழையும் அளவு துளை போட்டு அப்படியே விட்டிருந்தது. குழாயும் கேபிளும் மாடிக்கு மாடி போகும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று மாடி கீழே வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் போகும் வழியில் புகையும் போகும்.

எல்லோரும் இறங்குவது

கேட்பதற்கு இதுதான் பாதுகாப்பு மாதிரித் தோன்றும். ஆபத்து என்றால் ஓடு என்று உடம்பே சொல்கிறது. நான்கு ஐந்து மாடி, இரண்டு படிக்கட்டு, கொஞ்சம் வீடுகள் என்றால் இதைவிட நல்ல வழி இல்லை. சின்னக் கட்டடத்தில் எல்லோரும் சில நிமிடங்களில் வெளியே வந்துவிடலாம். மரத்தளம் போட்ட பழைய கட்டடமோ, பெரிய வீட்டைப் பிரித்து ஃப்ளாட்டாக மாற்றியதோ என்றால் கேள்வியே வேண்டாம், இறங்கத்தான் வேண்டும். அங்கே பெட்டி என்று ஒன்றே கிடையாது.

மாடி கூடக் கூடக் கணக்கு மாறுகிறது. பதினெட்டு மாடி, ஒரே படிக்கட்டு, மாடிக்கு ஆறு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் ஒரே படியில் இறங்குகின்றன. அதே படியில் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர்க் குழாயோடு ஏறுகிறார்கள். தீப்பிடித்த மாடியில் குழாய் உள்ளே போக வேண்டும் என்பதற்காகப் படிக்கட்டுக் கதவு திறந்தே கிடக்கும். அந்த நிமிடம் முதல் படிக்கட்டு, புகை ஏறும் புகைபோக்கியாக மாறிவிடும். அந்த மாடிக்கு மேலே இருப்பவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் கீழே வர வேண்டும்.

இதற்கு வேதனையான சாட்சி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிறது. 2022 ஜனவரி 9 அன்று ட்வின் பார்க்ஸ் என்ற 19 மாடிக் குடியிருப்பில் கீழ்மாடி வீடு ஒன்றில் ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. நெருப்பு அந்த வீட்டையும் அதற்கு வெளியே இருந்த நடையையும் தாண்டிப் பெரிதாகப் போகவில்லை. ஆனால் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். எல்லோரையும் கொன்றது புகை. அந்த வீட்டின் வாசல் கதவு தானாக மூடியிருக்க வேண்டும், மூடவில்லை. மேலே பதினைந்தாவது மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்திருந்தது. இரண்டு கதவுகளுக்கு நடுவில் மொத்தப் படிக்கட்டும் புகையால் நிறைந்தது. தப்பிக்க இறங்கியவர்கள் அதில்தான் மாட்டிக்கொண்டார்கள். அலாரம் அடித்தும் பலர் முதலில் பொருட்படுத்தவில்லை. அடிக்கடி சும்மாவே அடித்துக்கொண்டிருந்த அலாரம் அது என்று குடியிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

இந்த இரண்டு கட்டடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கிரென்ஃபெல்லில் உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். ட்வின் பார்க்ஸில் வெளியே வந்தவர்கள் இறந்தார்கள். எது சரியான வழி என்று அறிவுரையை மட்டும் வைத்துச் சண்டை போடுவதில் பயனில்லை. இரண்டு இடத்திலும் மூடாத, தாங்காத கதவுகள் இருந்தன. எல்லோரும் இறங்குவது என்று முடிவு செய்துவிட்டால் கதவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நேர்மாறானது உண்மை. இறங்க வேண்டுமென்றால் படிக்கட்டில் மூச்சு விட முடிய வேண்டும். அதை உறுதிசெய்வதும் கதவுதான்.

அதோடு இந்த வழியில் வேறு வேலைகள் சேர்கின்றன. எல்லா வீட்டுக்குள்ளும் தூங்குகிறவரை எழுப்பும் அளவுக்குக் கேட்கும் அலாரம் வேண்டும். நடையில் மட்டும் மணி வைத்தால், மூடிய இரண்டு கதவுகளைத் தாண்டிப் படுக்கையறையில் அது கேட்காது. தப்பான அலாரம் ஒவ்வொன்றையும் ஏன் அடித்தது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, காரணத்தைக் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான்காவது முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். படிக்கட்டில் சைக்கிள், பழைய அலமாரி, அட்டைப்பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. மின்சாரம் போனாலும் எரியும் விளக்கு வேண்டும். கீழே கூடும் இடம் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது ஒத்திகை வேண்டும். ஒத்திகைக்கு முன் நிர்வாகக் குழுவினர் ஒரு வேலை செய்யலாம். மேல் மாடியிலிருந்து எழுபது வயதுக்காரர் ஒருவரோடு அவர் வேகத்திலேயே கடைசிப்படி வரை இறங்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். கூட்டத்தில் யார் பேச்சைக் கேட்டும் வராத தெளிவு அதில் வரும்.

மாடி வாரியாக இறங்குவது

இது காகிதத்தில் மிக அழகாக இருக்கும். பெரிய அலுவலகங்களிலும் ஹோட்டல்களிலும் நடக்கவும் செய்கிறது. அங்கே மாடிக்கு மாடி தனியாக ஒலிபெருக்கி உண்டு, இரவு பகலாகப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் உண்டு, கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் எந்த மாடி எப்போது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே ஒரு இரவுக் காவலாளி வைத்திருக்கும் குடியிருப்பில் இதைச் செய்கிறோம் என்று எழுதிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. மிக உயரமான, முழுநேர ஊழியர்களும் மாடி வாரி அலாரமும் உள்ள கட்டடமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். மற்றவர்கள் இதை விட்டுவிடலாம்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கட்டடம் என்ன பொருளால் ஆனது என்று தெரிய வேண்டும். நியூயார்க் நகரத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. கட்டடம் எளிதில் எரியாத கட்டுமானமா, எரியக்கூடிய கட்டுமானமா என்பதையும், அதற்கேற்ப என்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒவ்வொரு வீட்டு வாசல் கதவின் உட்பக்கத்திலும் உரிமையாளர் ஒட்டி வைக்க வேண்டும். எரியாத கட்டுமானத்தில் தீ வேறு வீட்டில் என்றால் பொதுவாக உள்ளே இருக்கச் சொல்வார்கள். எரியக்கூடியதில் வெளியேறச் சொல்வார்கள். எந்த ஊராக இருந்தாலும் நிர்வாகம் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது. வெளிச்சுவரில் அலங்காரப் பலகையோ வெப்பக் காப்பு அடுக்கோ இருந்தால் அதன் பெயர், வகை, சோதனைச் சான்று கையில் இருக்க வேண்டும். கட்டியவர் நல்ல பொருள்தான் என்று வாயால் சொன்னது சான்றாகாது.

அடுத்தது கதவு. எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தெரியாதவர்களுக்கு இங்கிலாந்தின் சட்டம் நல்ல அளவுகோல். கிரென்ஃபெல்லுக்குப் பிறகு வந்த தீப்பாதுகாப்பு விதிகள் 2023 ஜனவரி 23 முதல் நடைமுறையில் இருக்கின்றன. 11 மீட்டருக்கு மேல் உயரமுள்ள குடியிருப்புகளில் பொது இடத்துத் தீத்தடுப்புக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டின் வாசல் கதவையும் வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க முடிந்தவரை முயல வேண்டும். 18 மீட்டர் உயரமோ ஏழு மாடியோ, அதற்கு மேலோ இருந்தால் தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் லிஃப்டையும் முக்கியமான சாதனங்களையும் மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். இருட்டிலும் புகையிலும் தெரியும்படி படிக்கட்டில் மாடி எண் இருக்க வேண்டும். மாடி வரைபடங்கள் அடங்கிய பெட்டி ஒன்றைப் பூட்டிப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். சட்டம் எங்கே கேட்டாலும் கேட்காவிட்டாலும் இந்தக் கால இடைவெளி நியாயமானது. எங்கள் குழுவில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு மாடியின் கதவுகளைக் கால்மணி நேரத்தில் பார்த்துவிட முடிந்தது. முழுசாகத் திறந்து கையை எடுங்கள். கதவு தானே வந்து தாழ்ப்பாள் விழ மூடினால் சரி. நடுவில் நின்றால் குறித்துக்கொள்ளுங்கள்.

கதவு சோதனையில் கசப்பும் வரும், அதையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக் கதவை நீ ஏன் பார்க்கிறாய் என்று கேட்பார்கள். அது அவர் வீட்டுக் கதவுதான், ஆனால் அது மூடாவிட்டால் புகை போகப்போவது மேல் மாடிக்காரர் படிக்கட்டில். இதை அமைதியாக, ஒவ்வொரு வீட்டு வாசலிலும், திரும்பத் திரும்பச் சொல்வதும் நிர்வாகத்தின் கடமைதான். குளோசரின் செலவைப் பராமரிப்பு நிதியிலிருந்தே கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

மூன்றாவது, இறங்க முடியாதவர்கள். இந்த இடத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. கிரென்ஃபெல்லில் குடியிருந்த மாற்றுத்திறனாளிகளில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே இருங்கள் என்பது அவர்களுக்கு வசதியான பதில் மாதிரித் தெரியும், கட்டடம் தாங்காவிட்டால் முதலில் கைவிடப்படுபவர்களும் அவர்களே. எல்லோரும் இறங்குங்கள் என்றாலும் அவர்களால் முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதி ஒட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வேறு என்ன வழி என்று எழுதாமல் விடும் நிர்வாகம், அவர் உயிரைக் கணக்கில் எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். படி இறங்க முடியுமா, எவ்வளவு நேரம், காது கேட்குமா, அலாரம் அடித்தால் எழுப்ப அதிரும் கருவி தலையணைக்கு அடியில் வேண்டுமா, பக்கத்து வீட்டில் உதவ ஆள் உண்டா என்று கேளுங்கள். அவர் சம்மதத்தோடு வீட்டு எண்ணையும் தேவையான உதவியையும் எழுதி, தீயணைப்பு வீரர்கள் வந்ததும் எடுக்கும் பெட்டியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் புதுப்பியுங்கள். போன மாதம் கால் உடைந்தவர் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும், வீடு மாறிப் போனவர் இருக்கக் கூடாது. முடிந்தால் கீழ் மாடி வீடு காலியாகும்போது முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.

ஸ்பிரிங்ளர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று வெடித்தால் மொத்தக் கட்டடமும் நனையும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடக்காது. தண்ணீர் தெளிக்கும் ஒவ்வொரு முனையிலும் உள்ள கண்ணாடிக் குமிழ் சூட்டில் தனியாக உடைய வேண்டும், வழக்கமான சிவப்புக் குமிழ் உடைவது சுமார் 68 டிகிரி செல்சியஸில். தீயின் சூடு போதுமான அளவு எட்டிய முனைகள் மட்டும் திறக்கும். உள்ளே இருந்தாலும் இறங்கினாலும் ஸ்பிரிங்ளர் நேரம் வாங்கித் தருகிறது. இறங்க முடியாதவர்களுக்கு அது வாங்கித் தரும் நேரம்தான் எல்லாமே. பணம் இருந்தால் இதில் போடுங்கள். ஆனால் கதவைச் சரிசெய்யாமல் இதற்குப் பணம் சேர்க்கிறேன் என்று இரண்டு வருடம் காத்திருக்காதீர்கள்.

என் தேர்வு

கான்கிரீட் கட்டடம், எரியாத வெளிச்சுவர், சோதித்த கதவுகள், அடைத்த துளைகள் என்றால், உள்ளேயே இருப்பது என்ற வழியை நான் தேர்ந்தெடுப்பேன், இரண்டு நிபந்தனையோடு. பயமாக இருக்கிறது, வெளியே போகிறேன் என்பவரை யாரும் தடுக்கக் கூடாது, படிக்கட்டில் புகை இல்லையென்றால் போகட்டும். அப்புறம், தீ அது பிடித்த வீட்டைத் தாண்டினால் எல்லோரையும் வெளியேறச் சொல்ல ஒரு வழி கட்டடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். தீயணைப்பு வீரர்கள் மட்டும் இயக்கும் தனி ஒலிப்பான் அமைப்புக்கென்று பிரிட்டனில் 2019-இல் ஒரு தரமே வெளியானது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒலிக்க வைக்கலாம், தேவையான மாடிக்கு மட்டும் ஒலிக்க வைக்கலாம். அவ்வளவு வசதி இல்லையென்றாலும், எல்லா வீட்டுக்குள்ளும் கேட்கும் ஏதோ ஒன்று இருந்தே ஆக வேண்டும். கிரென்ஃபெல்லில் இல்லாமல் போனது அதுதான்.

இவற்றில் எதிலாவது சந்தேகம் இருந்தால், சந்தேகம் தீரும்வரை எல்லோரும் இறங்குவது என்று மாற்றிவிடுவேன். வெளிச்சுவர் என்ன பொருள் என்று தெரியவில்லை, ஷாஃப்டில் துளை இருக்கிறது, பாதிக் கதவு மூடவில்லை என்றால் உள்ளே இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மாற்றிய நாளிலேயே எழுப்பும் வழியும் வேண்டும். அலாரம் பொருத்தும்வரை இரவு பகலாக மாடிகளைச் சுற்றிவந்து வாசலைத் தட்டி எழுப்ப ஆட்களை வைப்பது உண்டு. அது செலவும் அதிகம், ஆள் தூங்கிவிட்டால் பயனும் இல்லை, ஆகவே சில வாரங்களுக்கு மேல் அதை நம்பக் கூடாது. முறை மாறியதை ஒரு சுற்றறிக்கையோடு விட்டுவிடாமல் வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும், வாடகைக்குப் புதிதாக வந்தவரிடமும் சொல்ல வேண்டும். சிறிய கட்டடமோ மரத்தளமோ என்றால் முதலிலிருந்தே இறங்குவதுதான், மாற்ற வேண்டியதில்லை.

எங்கள் குழு இதைத்தான் செய்தது. முதல் ஏழு மாதம் எல்லோரும் இறங்கும் முறை. கதவுகளும் துளைகளும் சரியாகி, வெளிச்சுவரின் சான்று கைக்கு வந்த பிறகு, உள்ளே இருக்கும் முறைக்கு மாறினோம். பெரிய பழுதுபார்ப்பு வேலை தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று தீர்மானமும் எழுதினோம்.

இப்போது காவலாளியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒன்பதாவது மாடியிலிருந்து போன் வந்தால், அதைப் பார்த்து அவர் இப்படிச் சொல்ல வேண்டும்: "உங்க வீட்டுக்குள்ள தீயோ புகையோ இருக்கா? இருந்தா எல்லாரையும் கூட்டிட்டு உடனே வெளிய வாங்க, வரும்போது வாசல் கதவைச் சாத்திடுங்க, லிஃப்ட்ல ஏறாதீங்க. இல்லைன்னா கதவைத் திறக்காதீங்க. கதவுக்கு அடியில ஈரத்துணி வைங்க, தெருப்பக்க ஜன்னல்கிட்ட இருங்க. வீட்டுக்குள்ள அலாரம் தொடர்ந்து அடிச்சா, இல்ல தீயணைப்பு ஆளுங்க சொன்னா, படியில புகை இல்லைன்னு பார்த்துட்டு இறங்குங்க. புகை இருந்தா திரும்ப உள்ள போயி எனக்குச் சொல்லுங்க. உங்க வீட்டு எண் சொல்லுங்க, எத்தனை பேர் இருக்கீங்க? நான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிட்டேன்."

கடைசி வாக்கியம் உண்மையாக இருப்பதற்காக, போன் வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை என்று தாளின் உச்சியில் தீயணைப்பு நிலையத்தின் எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது.